பின்னட்டையைப் படித்தல்: ரசனைக்கேற்ற ராக், மெட்டல் இசையைத் தேடும் முறை

ராக், மெட்டல் இசையில் புதிதாகக் கேட்கத் தேடுபவருக்குப் பஞ்சம் என்பதே கிடையாது. மெட்டல் குழுக்களை மட்டும் தொகுக்கும் ‘என்சைக்ளோப்பீடியா மெட்டலம்’ என்ற இணையக் களஞ்சியத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழுக்கள் பதிவாகியிருக்கின்றன. ராக் குழுக்களை அப்படிக் கணக்கெடுக்கவே முடியாது. இந்தக் குவியலில் தம் காதுக்குப் பிடித்த பத்துக் குழுக்களைக் கண்டெடுப்பதுதான் கேட்பவரின் வேலை. பெரும்பாலானோர் அதற்கு வகைப்பெயரைத் துணைக்கு அழைக்கிறார்கள். த்ராஷ் பிடித்திருந்தால் இன்னும் நான்கு த்ராஷ் குழுக்கள், கிரன்ஜ் பிடித்திருந்தால் இன்னும் நான்கு கிரன்ஜ் குழுக்கள் என்று போகிறார்கள். இந்த வழி பாதி தூரம்தான் கொண்டுபோய் விடும். ஒரு பாட்டில் தமக்குப் பிடித்தது எது என்று தெரிந்துகொள்வது முதல் படி. அந்த ஒலியை உண்டாக்கிய ஆட்களைத் தொடர்ந்து போவது அடுத்த படி. வகைப்பெயரும் பரிந்துரை இயந்திரமும் விமர்சனமும் இவற்றுக்குப் பிறகே வருகின்றன.

பிடித்தது எது?

மெட்டாலிகாவின் ‘மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்’ (1986) ஆல்பத்தின் தலைப்புப் பாடலை எடுத்துக்கொள்ளலாம். எட்டரை நிமிடப் பாட்டு. மூன்று பேருக்கு அது பிடித்திருந்தால் மூன்று காரணங்கள் இருக்கலாம். ஒருவருக்கு ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டின் வலது கை பிடித்திருக்கும்: தந்தியை மேலும் கீழுமாக மீட்டாமல் கீழ்நோக்கி மட்டுமே வேகமாக அடிப்பதால் வரும் இறுக்கமான வெட்டொலி. இன்னொருவர், பாட்டின் நடுவில் எல்லாம் அடங்கிக் கிட்டார்கள் மெல்ல ஒரு மெட்டை இசைக்கும் இடத்துக்காகவே காத்திருப்பார். மூன்றாமவருக்குக் குரல் பிடிக்கும். கரகரப்பாகக் கத்தினாலும் சொல் விளங்குகிற குரல் அது. முதலாமவர் அடுத்துப் போக வேண்டிய இடம் ஸ்லேயரின் ‘ரெய்ன் இன் பிளட்’ (1986), அல்லது ஜெர்மனியின் கிரியேட்டர். இரண்டாமவருக்கு அவை தலைவலியைத்தான் தரும். அவருக்கு அயர்ன் மெய்டனும் தின் லிஸியும் ஏற்றவை. மூன்றாமவர் டெஸ்டமென்ட், பான்டெரா பக்கம் திரும்பலாம். மூவருக்கும் ‘த்ராஷ் ரசிகர்’ என்று ஒரே சீட்டை ஒட்டி அனுப்பினால் இருவர் ஏமாந்து திரும்புவார்கள்.

ஆகவே தேடல் தொடங்குமுன் பிடித்த ஐந்தாறு பாடல்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே எந்த இடம் பிடித்தது என்று ஒரு வரி குறித்துக்கொள்வது நல்லது. ‘செம பாட்டு’ என்ற குறிப்பால் பயனில்லை. ‘இரண்டாவது நிமிடத்தில் வேகம் பாதியாகக் குறையும் இடம்’ என்ற குறிப்பு பயன்படும். பிடிக்காத பாடல்களுக்கும் இப்படி எழுதிப் பார்த்தால் ரசனையின் எல்லைக்கோடு இன்னும் தெளிவாகத் தெரியும். குரல், வேகம், கிட்டாரின் கனம், டிரம்ஸின் அடர்த்தி, பாட்டின் நீளம், ஒலிப்பதிவின் தெளிவு ஆகியவற்றில் ஒன்றிரண்டு மட்டுமே திரும்பத் திரும்ப வருவதைச் சில நாட்களிலேயே காணலாம்.

‘கனம்’ என்று ரசிகர்கள் சொல்வதற்குத் திட்டமான காரணங்கள் உண்டு. பர்மிங்காமின் பிளாக் சபாத் குழுவின் கிட்டார் கலைஞர் டோனி அயோமி இடக்கைக்காரர். பதினேழு வயதில் தகடு வெட்டும் தொழிற்சாலையில் நடந்த விபத்தில் வலது கையின் இரண்டு விரல்நுனிகளை இழந்தார். தந்தியை அழுத்தும் கை அதுதான். விரல்நுனிகளுக்குத் தாமே உறை செய்து மாட்டிக்கொண்டார். மெல்லிய தந்திகளைப் பயன்படுத்தினார். ‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’ (1971) ஆல்பத்தில் பல பாடல்களுக்குத் தந்திகளை மூன்று அரைச்சுரம் கீழே இறக்கிச் சுருதி கூட்டினார். தந்தி தளர்ந்ததால் ஒலி தாழ்ந்து தடித்தது. டூம், ஸ்டோனர், ஸ்லட்ஜ் என்று இன்று வழங்கும் வகைகள் பலவும் அந்த ஆல்பத்தின் வழியில் வந்தவை. ‘மெதுவாகவும் கனமாகவும் வேண்டும்’ என்று தம் குறிப்பேட்டில் கண்டுகொண்டவர் நேராக அங்கே போய், அங்கிருந்து கேண்டில்மாஸ், கையஸ், ஸ்லீப் என்று இறங்கிவரலாம்.

வேகத்தையும் கனத்தையும் தாண்டிக் கணக்கில் மயங்குபவர்களும் உண்டு. தாளக் கச்சேரி கேட்டுப் பழகிய தமிழ்க் காது இதில் ஒரு படி முன்னாலேயே நிற்கிறது. ஸ்வீடனின் மெஷுகாவைக் கேட்டால் இது புரியும். டிரம்ஸின் ஒரு கை நான்கு எண்ணிக்கையில் நிலையாக நடக்கும். கிட்டாரும் கால் டிரம்மும் ஒற்றைப்படை நீளத்தில் ஒரு தொடரைச் சுழற்றிக்கொண்டே போகும். இரண்டும் விலகி விலகிச் சென்று குறிப்பிட்ட இடத்தில் ஒன்றாக விழும். ‘ஆப்சென்’ (2008) ஆல்பத்தின் ‘பிளீட்’ பாடலைக் கையில் தாளம் போட்டபடி கேட்டால், இரைச்சல் என்று தோன்றியது கணக்காகிவிடும். கோர்வை சமத்தில் வந்து விழும்போது தலையாட்டும் ரசிகருக்கு இந்த இன்பம் புதிதல்ல.

ஒலிப்பதிவின் தரமும் ரசனையின் பகுதிதான். நார்வேயின் டார்க்த்ரோன் ‘டிரான்சில்வேனியன் ஹங்கர்’ (1994) ஆல்பத்தை நான்கு தடப் பதிவுக் கருவியில், வேண்டுமென்றே கரடுமுரடாகப் பதிவு செய்தது. பளிங்குபோல் துலங்கும் ஒலியை விரும்புபவருக்கு அது பழுதான கேசட்டாகவே கேட்கும். அது குழுவின் குற்றமும் அல்ல, கேட்பவரின் குற்றமும் அல்ல. கடந்து போய்விடலாம்.

வகைப்பெயரின் பயன்

வகைப்பெயர்களை அடியோடு ஒதுக்கவும் வேண்டியதில்லை. தேடுபெட்டியில் தட்டுவதற்கு அவை உதவும். வேகமாக, ஓங்கிய குரலில், காப்பியக் கதைகள் பாடும் இசை வேண்டுமென்றால் ‘பவர் மெட்டல்’ என்று தேடி ஹெலோவீன், பிளைண்ட் கார்டியன் ஆகியவற்றை அடையலாம். ஆனால் பல பெயர்கள் ஒலியைக் குறிப்பதற்குப் பதிலாக ஊரையோ காலத்தையோ குறிக்கின்றன. அவற்றில் மிகப் பெரிய ஏமாற்று ‘கிரன்ஜ்’. சியாட்டில் வட்டாரத்தைச் சேர்ந்த நான்கு குழுக்களை அந்த ஒரே பெயரில் அடைத்தார்கள். சவுண்ட்கார்டன் பிளாக் சபாத்தின் வாரிசு; நிர்வாணா பங்க் வழியில் வந்தது; பேர்ல் ஜாம் எழுபதுகளின் அரங்க ராக்கை மீட்டெடுத்தது; ஆலிஸ் இன் செயின்ஸ் இரண்டு குரல்கள் இழையும் மெட்டல். நிர்வாணாவை விரும்பியவருக்கு பேர்ல் ஜாமைக் காட்டிலும் பிக்ஸீஸ் நெருக்கமாக இருக்கும். நிர்வாணாவின் கர்ட் கோபேனே பிக்ஸீஸின் பாணியைப் பின்பற்ற முயன்றதாக வெளிப்படையாகச் சொன்னவர்.

ஆட்களைத் தொடர்தல்

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு முறையை மட்டும் கைக்கொள்ள முடிந்தவர் இதைக் கைக்கொள்ளலாம்: ஆல்பத்தின் பின்னட்டையைப் படிப்பது. யார் டிரம்ஸ், யார் பேஸ், யார் தயாரிப்பாளர், எந்த ஸ்டூடியோ, எந்த நிறுவனம் என்பதை அது சொல்லிவிடும். ஸ்ட்ரீமிங் செயலிகள் இந்தத் தகவலில் பெரும்பகுதியை மறைத்துவிட்டன அல்லது அரைகுறையாகத் தருகின்றன. 2000ஆம் ஆண்டில் தொடங்கிய டிஸ்காக்ஸ் தளத்திலும், மெட்டலுக்கு மெட்டலம் களஞ்சியத்திலும் முழு விவரம் கிடைக்கும்.

ஒரு எடுத்துக்காட்டு. புளோரிடாவில் சக் ஷுல்டினர் நடத்திய குழுவின் பெயரே ‘டெத்’. அதன் ‘ஹியூமன்’ (1991) ஆல்பம் ஒருவருக்குப் பிடித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பின்னட்டையில் கிட்டார் பால் மாஸ்விடல், டிரம்ஸ் ஷான் ரைனர்ட். இருவரும் சினிக் என்ற குழுவைச் சேர்ந்தவர்கள். அவர்களுடைய ‘ஃபோகஸ்’ (1993) ஆல்பத்தில் டெத் மெட்டலும் ஜாஸும் கலந்து, இயந்திரத்தில் வடிகட்டிய குரலும் வரும். ‘ஹியூமன்’ ஆல்பத்தில் பிடித்தது அந்தச் சிக்கலான டிரம்ஸ்தான் என்றால் அடுத்த நிறுத்தம் அதுவே. பேஸ் வாசித்தவர் ஸ்டீவ் டிஜார்ஜியோ. அவருடைய சொந்தக் குழு சேடஸ், மூர்க்கமான த்ராஷ்.

டெத்தின் அடுத்த ஆல்பமான ‘இண்டிவிஜுவல் தாட் பேட்டர்ன்ஸ்’ (1993) வேறு இரண்டு கதவுகளைத் திறக்கிறது. அதில் கிட்டார் வாசித்த ஆண்டி லாராக், கிங் டைமண்டின் கிட்டார் கலைஞர். அவரைத் தொடர்ந்தால் பேய்க்கதையையே முழு ஆல்பமாகச் சொல்லும் ‘அபிகேல்’ (1987) வரும். டிரம்ஸ் வாசித்த ஜீன் ஹோக்லனைத் தொடர்ந்தால் பின்னால் டார்க் ஏஞ்சலும், முன்னால் டெவின் டவுன்செண்டின் ஸ்ட்ராப்பிங் யங் லாட் குழுவின் ‘சிட்டி’ (1997) ஆல்பமும் கிடைக்கும். இரண்டு ஆல்பங்களின் பின்னட்டைகளிலிருந்து ஒரு மாதத்துக்குப் போதுமான இசை கைக்கு வந்துவிடுகிறது. கிடைத்த குழுக்கள் ஒன்றுக்கொன்று ஒத்தவையாக இல்லை என்பதே இந்த முறையின் சிறப்பு. வகைப்பெயர் வழியே போயிருந்தால் கிங் டைமண்டின் உச்சஸ்தாயிக் குரலுக்கு டெத் ரசிகர் வந்தே சேர்ந்திருக்க மாட்டார்.

ஸ்டூடியோவையும் இப்படித் தொடரலாம். மேலே சொன்ன இரண்டு டெத் ஆல்பங்களும் டாம்பா நகரின் மாரிசவுண்ட் ஸ்டூடியோவில், ஸ்காட் பர்ன்ஸ் தயாரிப்பில் உருவானவை. ஒபிச்சுவரியும் டெய்சைடும் அங்கேதான் பதிவு செய்தன. பிரேசிலின் செபுல்டுரா ‘அரைஸ்’ (1991) ஆல்பத்துக்கும், இங்கிலாந்தின் நேபாம் டெத் ‘ஹார்மனி கரப்ஷன்’ (1990) ஆல்பத்துக்கும் அந்த ஒலிக்காகவே அங்கே வந்தன. அதே காலத்தில் ஸ்டாக்ஹோமின் சன்லைட் ஸ்டூடியோவில் தாமஸ் ஸ்கோக்ஸ்பெரியின் கைவண்ணம் வேறாக இருந்தது. பாஸ் நிறுவனத்தின் எச்எம்-2 என்ற பெடலின் திருகுகளை எல்லாம் கடைசிவரை திருப்பி வைத்ததால் மரம் அறுக்கும் ரம்பத்தைப்போல் கிட்டார் உறுமியது. என்டோம்டின் ‘லெஃப்ட் ஹேண்ட் பாத்’ (1990) அதற்கு முதல் சாட்சி. இரண்டு ஊர்களின் ஆல்பங்களையும் அடுத்தடுத்துக் கேட்டால் ‘டெத் மெட்டல்’ என்ற ஒரே பெயருக்குள் எவ்வளவு தூரம் இருக்கிறது என்பது விளங்கும். இன்றைய இளம் குழுக்கள் பலவும் இந்த இரண்டில் ஒன்றின் பக்கம் சாய்ந்தே நிற்கின்றன. தம் சாய்வு எது என்று தெரிந்தவருக்குத் தேடல் பாதியாகக் குறைகிறது.

தயாரிப்பாளர்கள் சில வேளைகளில் இரண்டு உலகங்களுக்கு நடுவே பாலமாக இருப்பார்கள். ஓபெத்தின் ‘பிளாக்வாட்டர் பார்க்’ (2001) ஆல்பத்தின் தயாரிப்பில் போர்க்குபைன் ட்ரீ குழுவின் ஸ்டீவன் வில்சன் கைகொடுத்தார். இந்த இணைப்பு வழியே மெட்டல் ரசிகர்கள் பலர் முற்போக்கு ராக்குக்கும், ராக் ரசிகர்கள் பலர் மெட்டலுக்கும் வந்து சேர்ந்தார்கள். பாலைவன ராக் என்று பெயர் பெற்ற வட்டத்தில் ஜாஷ் ஹோம் அப்படி ஒருவர். கையஸின் ‘புளூஸ் ஃபார் த ரெட் சன்’ (1992), பின்னர் குவீன்ஸ் ஆஃப் த ஸ்டோன் ஏஜ், பின்னர் நிர்வாணாவின் டேவ் குரோலும் லெட் செப்லினின் ஜான் பால் ஜோன்ஸும் சேர்ந்த தெம் க்ரூக்டு வல்சர்ஸ் (2009) என்று ஒரே கிட்டார்க்காரரின் பின்னே நடந்தால் முப்பது ஆண்டு ராக் வரலாற்றைத் தொட்டுவரலாம்.

பிடித்த குழு எந்தக் குழுவின் பாட்டைத் தானும் பாடுகிறது என்று பார்ப்பதும் பயன் தரும். மெட்டாலிகாவின் ‘கராஜ் இன்க்.’ (1998) முழுக்கவே பிறர் பாடல்களின் தொகுப்பு. டைமண்ட் ஹெட், மிஸ்ஃபிட்ஸ், மெர்சிஃபுல் ஃபேட், டிஸ்சார்ஜ், பட்ஜி என்று அது ஒரு பாடத்திட்டமாகவே அமைந்திருக்கிறது. நிர்வாணா 1993இல் எம்டிவிக்காகப் பதிவு செய்த அன்பிளக்டு நிகழ்ச்சியும் மீட் பப்பெட்ஸ், வாஸலைன்ஸ், டேவிட் போவி, லெட்பெல்லி ஆகியோருக்கு வழிகாட்டும். டி-ஷர்ட்டும் ஒரு தடயம்தான். மெட்டாலிகாவின் கிளிஃப் பர்ட்டன் மிஸ்ஃபிட்ஸ் டி-ஷர்ட்டோடு படங்களில் நின்றதாலேயே அந்தக் குழுவைத் தேடிப் போனவர்கள் உண்டு.

நிறுவனம் கடைசி. பெரிய நிறுவனங்களின் பெயரால் பயனில்லை, எல்லாவற்றையும் வெளியிடுவார்கள். சிறிய நிறுவனங்கள் ஓரிருவரின் ரசனையில் நடப்பவை. நாட்டிங்காமின் இயரேக், கலிபோர்னியாவின் மெட்டல் பிளேட், சியாட்டிலின் சப் பாப் மூன்றும் தொடக்க ஆண்டுகளில் அப்படித்தான் இருந்தன. ஒரு சிறு நிறுவனத்தின் மூன்று ஆல்பங்கள் பிடித்துவிட்டால் நான்காவதைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம்.

இயந்திரத்தைப் பழக்குதல்

ஸ்ட்ரீமிங் செயலிகளின் பரிந்துரை, ‘இதைக் கேட்டவர்கள் வேறு எதைக் கேட்டார்கள்’ என்ற கணக்கைப் பெரிதும் நம்பியிருக்கிறது. அதனால் பலர் கேட்ட பெயர்களே மீண்டும் மீண்டும் மேலே வரும். இருநூறு பேர் மட்டும் கேட்ட நல்ல குழு அடியிலேயே கிடக்கும். வீட்டில் ஒரே கணக்கைப் பலர் பயன்படுத்தினால் நிலைமை இன்னும் மோசம். குழந்தைப் பாட்டும் பக்திப் பாட்டும் ஸ்லேயரும் ஒரே பட்டியலில் கலந்து, இயந்திரம் குழம்பிவிடும். தேடலுக்கென்று தனிக் கணக்கு வைத்துக்கொள்வதே இதற்கு மருந்து. அது முடியாவிட்டால் தேர்ந்தெடுத்த பத்துப் பாடல்களைக் கொண்டு ஒரு பிளேலிஸ்ட் அமைத்து, அதன் அடியில் வரும் பரிந்துரைகளை மட்டும் பார்க்கலாம். குழுவின் பெயரிலிருந்து ‘ரேடியோ’ தொடங்குவதைவிட, குறிப்பிட்ட ஒரு பாட்டிலிருந்து தொடங்கினால் விளைவு கூர்மையாக இருக்கும். ஸ்பாட்டிஃபையின் ‘டிஸ்கவர் வீக்லி’ திங்கள்தோறும் முப்பது பாடல்கள் தருகிறது. அவற்றில் இரண்டு தேறினால் அது நல்ல வாரம்.

2008இல் தொடங்கிய பேண்ட்கேம்ப் தளம் வேறு மாதிரி. அங்கே ஆல்பத்தின் கீழே அதை வாங்கியவர்களின் சிறு படங்கள் வரிசையாக இருக்கும். ஒருவரைத் தட்டினால் அவர் வாங்கிய மற்ற ஆல்பங்கள் தெரியும். நாம் விரும்பும் அபூர்வமான மூன்று ஆல்பங்களை வாங்கிய ஒருவரைக் கண்டுபிடித்துவிட்டால், அவருடைய அலமாரி எந்தக் கணக்கீட்டையும்விட நம்பகமானது. பெரும்பாலான ஆல்பங்களை வாங்குமுன் முழுவதும் கேட்டுப் பார்க்கலாம். ‘ரேட் யுவர் மியூசிக்’ தளத்தில் வகை, ஆண்டு ஆகியவற்றோடு ‘சோகமான’, ‘குளிர்ந்த’ போன்ற மனநிலைச் சொற்களாலும் வடிகட்டலாம். மெட்டலம் களஞ்சியத்தில் ஒவ்வொரு குழுவுக்கும் ஒத்த குழுக்களின் பட்டியல், பயனர் வாக்குகளோடு இருக்கும். பழைய புகழ்பெற்ற பெயர்களே அதில் முதலில் நிற்பதால் நடுவிலிருந்து கீழே படிப்பது நல்லது.

விமர்சகர்களில் எல்லாவற்றையும் புகழ்பவர் உதவமாட்டார். தொடர்ந்து ஒரே மாதிரி ரசனையோடு எழுதுபவர், நமக்கு நேர் எதிரான ரசனை உடையவராக இருந்தாலும் உதவுவார். அவர் திட்டியதை உடனே கேட்டுப் பார்க்கலாம்.

காதுக்குக் கொடுக்கும் அவகாசம்

மெட்டலில் பலர் வாசலிலேயே திரும்பிப் போவது உறுமல் குரலால். திரைப்பாட்டில் வளர்ந்த காது முதலில் குரலைத்தான் தேடும். குரல் புரியாவிட்டால் பாட்டே இல்லை என்று முடிவுகட்டிவிடும். இங்கே அந்தக் குரல் இன்னொரு தாள வாத்தியம் என்று எண்ணிக் கிட்டாரைப் பின்தொடர வேண்டும். உறுமலும் பாடும் குரலும் கலந்து வரும் ஆல்பங்களில் தொடங்குவது எளிது. ஃபின்லாந்தின் கலேவலா காப்பியத்தைப் பாடும் அமார்ஃபிஸின் ‘டேல்ஸ் ஃப்ரம் த தவுசண்ட் லேக்ஸ்’ (1994), முன் சொன்ன ‘பிளாக்வாட்டர் பார்க்’ இரண்டும் ஏற்றவை. அதன் பின் மெட்டு நிறைந்த கார்கஸின் ‘ஹார்ட்வொர்க்’ (1993). இது பழகிவிட்டால் மற்றவை தாமாக வரும். பழகாவிட்டாலும் குறையில்லை; உறுமலே இல்லாத மெட்டல் ஓர் ஆயுளுக்குப் போதுமான அளவு இருக்கிறது.

ஒரு ஆல்பத்துக்கு மூன்று முறை கொடுப்பது நியாயம். மூன்றும் வேறு வேறு நாட்களாக இருந்தால் நல்லது. ஒரு முறையாவது வேறு வேலை செய்யாமல் கேட்க வேண்டும். முப்பது நொடி கேட்டுவிட்டுத் தாண்டிப் போகும் பழக்கம் இந்த இசைக்கு ஒவ்வாது. பத்து நிமிடப் பாட்டின் சாரம் ஏழாவது நிமிடத்தில் இருக்கக்கூடும். அதே நேரம் மூன்று முறைக்குப் பின்னும் பிடிக்காததை, எல்லோரும் மேதை என்று சொல்வதால் மட்டும் கட்டிக்கொண்டு அழ வேண்டியதில்லை.

பாடல் வரிகளையும் ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது, குறிப்பாக ஐரோப்பிய பிளாக் மெட்டலில். அதன் ஒரு சிறு பகுதி இனவெறி அரசியலைச் சுமந்து வருகிறது. மெட்டலம் களஞ்சியம் குழுக்களின் பாடுபொருளைக் குறிப்பதால் வாங்குமுன் தெரிந்துகொள்ளலாம்.

பக்கத்தில் இருப்பது

இந்திய, இலங்கை, சிங்கப்பூர்க் குழுக்களைத் தேடுபவருக்குச் செயலிகள் அவ்வளவாக உதவுவதில்லை. பேண்ட்கேம்பில் ஊர்ப்பெயரைக் குறிச்சொல்லாகத் தேடுவதே சிறந்த வழி. தொடங்குவதற்குச் சில பெயர்கள்: 1992இல் சிங்கப்பூரில் உருவாகி, சம்ஸ்கிருத சுலோகங்களை எக்ஸ்ட்ரீம் மெட்டலோடு இணைத்த ருத்ரா, கொழும்பின் ஸ்டிக்மாட்டா, எண்பதுகளின் பிரிட்டிஷ் மெட்டலைப் பின்பற்றும் பெங்களூரு கிரிப்டாஸ், தசாவதாரத்தையே ஒரு ஆல்பமாக்கிய (2017) மும்பையின் டெமானிக் ரெசரெக்‌ஷன், டோலும் கனத்த கிட்டாரும் சேர்ந்த டெல்லியின் பிளடிவுட். மெட்டல் வேண்டாம், ராக் போதும் என்பவருக்குக் கொச்சியின் மதர்ஜேன் இருக்கிறது. அதன் ‘மக்தூப்’ (2008) ஆல்பத்தில் பைஜு தர்மஜனின் கிட்டார் கர்நாடக கமகங்களை வளைத்து வளைத்துப் பேசும். கர்நாடகக் கீர்த்தனைகளையே ராக்கில் கேட்க விரும்புபவர் பெங்களூருவின் அகமிலிருந்து தொடங்கலாம்.

நேரில் கேட்கத் தமிழ்நாட்டு ரசிகருக்கு மிக அருகில் இருக்கும் பெரிய மேடை பெங்களூருதான். அயர்ன் மெய்டன் 2007இலும் மெட்டாலிகா 2011இலும் அங்கே வந்தன. பெங்களூரு ஓப்பன் ஏர் திருவிழா 2012இல் தொடங்கியது. இத்தகைய விழாக்களின் சுவரொட்டியில் பெரிய எழுத்தில் இருக்கும் பெயர்களை ரசிகர்கள் ஏற்கெனவே அறிந்திருப்பார்கள். அடிவரிசையில், பொடி எழுத்தில் இருக்கும் பெயர்களைப் போவதற்கு முந்தைய வாரம் ஒவ்வொன்றாகத் தேடிக் கேட்டுவிட்டு, மதியமே மைதானத்துக்குப் போய்ச் சேர வேண்டும்.